எஞ்சினைக் கழுவிவிட்டு விற்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் இல்லாதவர்களும் வாசியுங்கள். ரோட்டில் நடந்து போகிறவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

எங்கள் பழைய 110 கொரோலாவை விற்பதென்று சென்ற வாரம் முடிவெடுத்தோம். தெரிந்த புரோக்கர் ஒருவர் பார்க்க வந்தார். பொனட்டைத் திறந்தார். எஞ்சினின் முன்பக்கம், பெல்ட் கவருக்குக் கீழே, கறுத்து ஈரமாக இருந்ததைக் கண்டார். டயரைப் பார்க்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "சேர், ஒருக்கா நல்லா கழுவி, ஷைன் ஸ்ப்ரே அடிச்சிட்டுப் படம் எடுங்க. இப்பிடியே காட்டினா அம்பதாயிரம் கொறச்சிக் கேப்பாங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஜமாஅத்துக்கு நேரத்தோடு வருகிறவர், ஊரில் ஒரு மௌத் என்றால் முதல் ஆளாக நிற்பவர். அதுதான் எங்களைச் சுட்டது. அவர் பொய் சொல்லச் சொன்னதாக நினைக்கவே இல்லை. முடி வெட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகச் சொல்வது போலத்தான் சொன்னார். எங்கள் ஊர்களில் வாகனம் விற்கிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதானே என்றும் கேட்டார். உண்மை. அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை எங்கு போனாலும் விற்பனைக்கு நிற்கும் பழைய வாகனத்தின் பொனட்டைத் திறந்து பாருங்கள். நேற்றுக் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி மினுங்கும்.

நாங்கள் இந்தக் காரை வாங்கியபோதும் அப்படித்தான் மினுங்கியது.

2022 யாருக்கும் மறந்திருக்காது. கியூஆர் கோட்டைக் காட்டி ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலம். அப்போது நாங்கள் நான்கு ஆசிரியர்கள் ஒரே வாகனத்தில் பாடசாலைக்குப் போகத் தொடங்கினோம். பழக்கம் பிடித்துப்போய், அடுத்த வருடம் நாலு பேரும் காசு போட்டு இந்தக் காரை வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வாகனத்துக்குத் தங்க விலை. கால்நூற்றாண்டு ஓடிய காரைக் கெஞ்சி வாங்கினோம் என்றால் சரி. நாலு பேரில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர். இவ்வளவு வயதுபோன எஞ்சின் ஏன் இப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சுத்தமான எஞ்சின், நல்ல எஞ்சின் என்று சந்தோசப்பட்டோம்.

மூன்றாம் கிழமை பள்ளி வளவில் புதிதாகப் பதித்த கல்லில் உள்ளங்கை அளவு கறுப்பு. நிர்வாகத்தில் ஒருவர் வந்து, "டீச்சர்மார்ட கார் ஒண்டு ஒழுகுது போல" என்றார். வெட்கமாகப் போனது.

ஊருக்கு வெளியே ஒரு கராஜுக்குக் கொண்டு போனோம். அங்கிருந்தவர் காருக்குக் கீழே ஒரு தடவை குனிந்தார். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் தொங்கிக்கொண்டிருந்தது. "ரியர் சீல் போயிட்டு. கியர்பொக்ஸ் எறக்கோணும்" என்றார். குனிந்து நிமிர ஒரு நிமிடம் எடுத்திருக்கும். கியர்பொக்ஸ் இறங்கியது, சீல் மாறியது, இறக்கினதோடு கிளட்ச் பிளேட்டும் மாற்றினால் நல்லதென்று அதுவும் மாறியது. நாலு பேரின் ஒரு மாத மிச்சம் போனது. பதினைந்து நாளில் அதே இடத்தில் அதே சொட்டு.

இடையில் ஒருநாள் கொழும்பிலிருந்து வரும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில், ஒரு வளைவு திரும்பும்போது, டேஷ்போர்டில் சிவப்பு ஒயில் லைட் சிமிட்டியது. நேரான ரோட்டுக்கு வந்ததும் அணைந்தது. "லூஸ் கனெக்ஷனாக இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, மற்ற மூன்று பேரும் நம்பினோம். பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோது நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பலர் பிழையாக நினைத்திருக்கிறீர்கள். அந்த லைட் ஒயில் குறைந்திருக்கிறது என்று சொல்வதற்கு வைத்தது அல்ல. ஒயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதற்கு வைத்தது. சம்பில் ஒயில் குறைந்தால், ஏற்றத்திலும் வளைவிலும் இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கம் சரிந்து, பம்ப் உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கிறது. அந்தச் சில வினாடி பெயாரிங்குகள் காய்ந்து உரசும். சமதரைக்காரனுக்குக் கடைசியில் வருகிற ஆபத்து மலைநாட்டில் இருக்கிற எங்களுக்கு முதலில் வரும். லைட் எரியும்வரை காத்திருப்பவர் எஞ்சின் விலைக்குக் காத்திருக்கிறார்.

பின்னர் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வயதான சிங்களப் பாஸிடம் போனோம். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் எங்கள் வீட்டு வாசல் எப்படி என்று கேட்டார். சரிவு என்றோம். கண்டிப் பக்கம் எந்த வீட்டு வாசல் சரிவில்லை? மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் முன்னால் கசிகிற ஒயில் எஞ்சினின் வயிற்றோடு பின்னால் ஓடி வந்து கடைசியில் சொட்டும், சொட்டு விழும் இடத்தை மட்டும் பார்த்து சீல் மாற்றுகிறவன் குருடன் என்றார். ஓடும்போது காற்றும் பின்னுக்குத் தள்ளும். கீழே தொங்குவது ஒயில் முடிகிற இடம். தொடங்குகிற இடம் அதற்கு மேலே எங்கோ இருக்கும்.

பிறகு அவர் செய்த முதல் வேலை, எஞ்சினைக் கழுவியது.

ஆம், கழுவத்தான் செய்தார். டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒல்டர்னேட்டரையும் சொப்பிங் பேக்கால் கட்டி மூடினார். எஞ்சின் ஆறின பிறகு, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் பழைய அழுக்கை இழுத்தெடுத்துத் துணியால் துடைத்தார். வடிந்ததை ஒரு தகரத்தில் பிடித்தார். காய்ந்ததும் சந்தேகமான இணைப்புகளில் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவினார். சமதரையில் நிறுத்தி, கீழே வெள்ளைக் காட்போட் விரித்து, எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டார். அதோடு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலத்தில் பவுடரில் மெல்லிய பழுப்புக் கோடு. மேலே, டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் தலையில் போய்ச் செருகும் இடத்திலிருந்து புறப்பட்டு, நேராகக் கியர்பொக்ஸ் கூட்டின் மேல் இறங்கியது. உள்ளே ஒரு ரப்பர் ஓ ரிங். எடுத்துக் காட்டினார். கல்லாய் இறுகி, வளைத்ததும் இரண்டாக முறிந்தது. புதியது சில நூறு ரூபா.

இந்த 5ஏ எஞ்சினில் இது பெயர்போன கோளாறாம். ரியர் சீலுக்கு நேர் மேலே இருப்பதால் கீழே குனிந்து பார்க்கிறவனுக்கு ரியர் சீல் மாதிரியே தெரியும். நாங்கள் கியர்பொக்ஸ் இறக்கியது இதற்காகத்தான்.

அவர் அதோடு விடவில்லை. டெப்பட் கவரில் ஒரு சின்ன வால்வைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். பிசிவி வால்வ். நல்லதென்றால் கடகடவென்று சத்தம் வரும். எங்களுடையது ஊமை. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை எஞ்சின் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழி அது. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, எங்கே பலவீனமோ அங்கேயெல்லாம் ஒயிலைத் தள்ளும். வால்வை மாற்றாமல் எந்த சீலை மாற்றினாலும் அடுத்த சீல் ஒழுகும் என்றார். டெப்பட் கவர் கெஸ்கட்டையும் மாற்றினார். எங்களுக்கு முன்னால் யாரோ அதில் சிலிக்கனைப் பற்பசை மாதிரிப் பிதுக்கி, போல்ட்டை முழுப் பலத்தோடு முறுக்கியிருந்தார்கள். உள்ளே பிதுங்கும் சிலிக்கன் பிய்ந்து சம்புக்குள் விழுந்து, பம்பின் வடிகட்டியில் போய் உட்காரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். ஒழுக்கை நிறுத்தப் போட்ட பேஸ்ட் எஞ்சினின் தொண்டையை அடைக்கிறது.

பில் போடும்போது, பொருட்களின் விலைக்குப் புறம்பாக, "பார்த்ததுக்கு" என்று 2,500 ரூபா கேட்டார். எங்களில் ஒருவர் முணுமுணுத்தார்: "சும்மா பார்த்ததுக்கும் காசா?"

அந்த முணுமுணுப்பை நாங்கள் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

கராஜ்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று ஊரே சொல்கிறது. எங்களையும் ஒருவர் வீணாகச் செலவழிக்க வைத்தார்தான். ஆனால் அவருக்கு அந்தப் பழக்கத்தைப் படிப்பித்தது யார்? கழற்றினால், மாற்றினால், கையில் பழைய சாமானைத் தந்தால் காசு கொடுப்போம். பொறுமையாக ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, "இது பெரிய வேலை இல்லை, ஒரு ரிங்தான்" என்று சொல்கிற மனிதருக்கு ஒரு பிளேன்டீயும் "ஜஸாகல்லாஹ்வும்" கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வருவோம். டொக்டருக்குப் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோம், மருந்து எழுதாவிட்டாலும் கொடுக்கிறோம். பாஸுக்கு மட்டும் கொடுக்க மாட்டோம். அப்படியிருக்க அவர் ஏன் பார்க்க வேண்டும்? குனிந்து நிமிர்ந்து கியர்பொக்ஸை இறக்குவதுதான் அவருக்குச் சோறு. நேர்மையான பாஸ்மார் ஊரில் இல்லை என்று புலம்புகிறவர்களே, நேர்மைக்கு நீங்கள் கடைசியாக எவ்வளவு கொடுத்தீர்கள்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பழைய வாகனம் எண்டா ஒழுகத்தான் செய்யும். ஒழுகினாத்தான் உள்ள ஒயில் ஈக்கிதெண்டு அர்த்தம்" என்று சிரிக்கிறவர்கள். இவர்களுக்குக் கணக்கு சொல்லலாம், அது எங்கள் தொழில். சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர். எஞ்சின் ஓடும்போது வினாடிக்கு ஒரு சொட்டு போனால் மணித்தியாலத்துக்கு 180 மில்லிலீற்றர். கிழமையில் ஆறு மணித்தியாலம் ஓடினால் ஒரு லீற்றருக்கு மேல். எங்கள் காரின் முழு வயிறே மூன்று லீற்றர் சொச்சம்தான். கராஜுக்குப் போகாமல் மிச்சம் பிடிக்கிறோம் என்கிற காசு ஒயில் கடையில் போகிறது. சிலர் போத்தலில் விற்கும் ஒழுக்கடைப்பு மருந்தை ஊற்றுகிறார்கள். இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைத்துச் சில மாதம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முறிந்த ரிங்கை அது ஒட்டவைக்காது. அடைத்த வால்வைத் திறக்கவும் மாட்டாது.

ஒழுகிய ஒயில் எங்கே போகிறது என்று இவர்கள் கேட்பதே இல்லை. டைமிங் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி வயதுக்கு முன்னால் போகும். சூடான எக்ஸோஸ்ட்டில் பட்டால் புகை, துரதிர்ஷ்டமென்றால் நெருப்பு. மிச்சம் ரோட்டில். மாலை மழையின் முதல் பத்து நிமிடம் எங்கள் மலைப்பாதை வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா அப்படி விழுந்து மணிக்கட்டு முறிந்து ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்த வளைவில் கிடந்தது யாருடைய ஒயில்? எங்களுடையதாகவும் இருக்கலாம். அந்த நாட்களில் நாங்களும் அந்த ரோட்டால்தான் போனோம், ஒழுகிக்கொண்டுதான் போனோம். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். வருடாந்தம் லைசன் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் போதும். அந்த மெஷின் குழாயில் வரும் புகையை அளக்கும், காருக்குக் கீழே குனிந்து பார்க்காது. கேட்கிறவன் இல்லாத இடத்தில்தானே தக்வாவுக்கு வேலை.

ரோட்டில் விழுந்தது அங்கேயே நிற்பதும் இல்லை. மழை கழுவி வடிகானில் சேர்க்கிறது, எங்கள் ஊர் வடிகான்கள் பிங்கா ஓயாவுக்குப் போகின்றன, பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் சேர்கிறது. கொஞ்சம் கீழே 1976 முதல் பொல்கொல்லை அணை அந்தத் தண்ணீரைத் திருப்பி வடக்கே வயல்களுக்கு அனுப்புகிறது. வெள்ளம் வந்தால் அதே ஓயா அக்குறணைக் கடைகளுக்குள் ஏறி, நாங்கள் ஊற்றியதையெல்லாம் எங்களிடமே கொண்டு வந்து தருகிறது. கடைக்காரர்களுக்குத் தெரியும், சுவரில் வெள்ளத்தின் கோட்டைத் தேய்க்கும்போது கையில் ஒட்டுவது வெறும் சேறு இல்லை. வீட்டில் ஒயில் மாற்றி, கழிவை வடிகானில் ஊற்றிவிட்டு ஒளூச் செய்யப் போகிற சகோதரரே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மாற்றிய பாஸிடமே பழைய ஒயிலைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது கழுவுகிற விசயத்துக்குத் திரும்ப வருகிறோம். அந்த சிங்களப் பாஸும் எஞ்சினைக் கழுவினார். எங்களுக்கு விற்றவரும் கழுவினார். அதே வேலை. ஒருவர் ஒழுக்கு எங்கே என்று கண்ணுக்குத் தெரியக் கழுவினார், மற்றவர் தெரியாமலிருக்கக் கழுவினார்.

ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டதும், விரலில் ஈரம் பட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம். ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். மழை பட்டுவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை யாரும் பொய் என்று சொல்லவில்லை. மழை பட்டது உண்மைதான். ஈரத்தை மக்கள் பார்க்கிற மாதிரி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் கேள்வி. அதற்கடுத்து அவர்கள் சொன்னது உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம், நாங்கள் எழுதத் தேவையில்லை. எங்கள் புரோக்கருக்கும் மனப்பாடம். நாங்கள் ஒப்புவித்ததும் அவர் எங்களோடு சேர்ந்து முடித்தார். முடித்துவிட்டு, "அது தானியம் சேர், இது வாகனம்" என்றார்.

வாகனம் என்றால் இன்னும் மோசம். ஈரத் தானியத்தை வாங்கியவருக்குப் போவது கொஞ்சக் காசு. ஒழுகும் எஞ்சினை வாங்கியவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏறுகிறார்.

அவருடைய அடுத்த வாதம்: "வாங்குறவன் பாஸக் கூட்டிட்டு வந்து பாக்கோணும். கேக்கல்லண்டா அவன்ட பிழை." இதையும் ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். பாஸைக் கூட்டி வந்தாலும் அவர் என்ன பார்ப்பார்? கழுவிய எஞ்சின் சரியாகத் தன்னைக் காட்டச் சில நாள் ஓட வேண்டும். சாட்சியை அழித்துவிட்டு, சாட்சி கொண்டு வா என்பது என்ன நியாயம்? மத்ரஸாவில் ஓதிய பிள்ளையைக் கேளுங்கள், கியாருல் ஐப் என்றால் என்னவென்று. மறைத்த குறை பிறகு தெரிய வந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை. எங்கள் ஊரில் யாராவது ஒருவர், "என் காரில் குறை இருந்தது, கொண்டு வா, காசைத் தருகிறேன்" என்று சொன்னதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு விற்றவரிடம் போனோம். "அப்ப நல்லாத்தானே ஈந்திச்சி" என்றார்.

அந்த நாற்காலியில் இப்போது நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஐம்பதாயிரம் எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. கழுவலாமா என்று ஒரு இரவு நாலு பேரும் பேசினோம், மறைக்காமல் சொல்கிறோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்த பிறகு பழைய கார் விலை எப்போது விழும் என்று யாருக்கும் நிச்சயமில்லை, சீக்கிரம் விற்றால் நல்லது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "நமக்குக் கழுவித்தானே தந்தார்கள்" என்றார். அந்த வார்த்தை வெளியே வந்ததும் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

எனவே, கார் விற்பனைக்கு. எங்கள் நால்வரில் இருவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது, காரணம் வேறொன்றுமில்லை. ஓ ரிங், பிசிவி வால்வ், டெப்பட் கவர் கெஸ்கட் மாற்றியது. ரியர் சீலும் கிளட்சும் தேவையில்லாமல் மாற்றியது, அதனால் இரண்டும் நல்ல நிலை. முன்பக்க கிராங்க் சீல் கசிகிறது. டைமிங் பெல்ட் மாற்றும் நேரமும் நெருங்குகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒன்று என்று பாஸ் சொன்னார். அதற்கு அவர் எழுதித் தந்த தொகையை விலையில் கழிக்கிறோம், துண்டு காருக்குள் இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்த்தோம், கடைசி மாதத்தில் அரை லீற்றர் ஊற்றினோம்.

பார்க்க வருகிறவர்கள் அஸருக்குப் பிறகு வாருங்கள். உங்கள் பாஸையும் கூட்டி வாருங்கள், பார்த்ததற்கான கூலியை நாங்கள் கொடுக்கிறோம். சமதரையில் நிறுத்தி, கீழே காட்போட் விரித்து வைத்திருக்கிறோம். எஞ்சின் கழுவவில்லை.